திறக்காத ஆப்

மருமகள் நகத்தைக் கடித்தபடி கணவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னொரு தடவை பாருங்க."

"என்னடா பண்றே?" என்றாள் அப்போதுதான் உள்ளே வந்த அம்மா.

"என் போனை ரூட் பண்ணியிருக்கேம்மா. கம்பெனிக்காரன் போட்ட பூட்டை உடைச்சாச்சு. அது தெரிஞ்சா இந்த பேங்க் ஆப் திறக்காது. அதான் தெரியாம மறைக்கிறேன்."

அவன் ஆப்பைத் தொட்டான். 'இந்தப் போன் பாதுகாப்பானதல்ல' என்று சொல்லிவிட்டு அது மூடிக்கொண்டது.

"சே! எப்படி மறைச்சாலும் மோப்பம் பிடிச்சிடுது."

மருமகள் கைதட்டிக் குதித்தாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. புருஷன் தோற்றதற்கு இப்படியா சிரிப்பது? தான் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கோபத்தில் பாதி பொறாமை.

"அவன் காலையிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கறான். உனக்குக் கொண்டாட்டமா?"

"அத்தை, அந்த ஆப்புக்குக் காவல் புரோகிராம் எழுதினதே நான்தான்! நாளைக்கு எல்லார் போனுக்கும் போகுது. முடிஞ்சா ஏமாத்திப் பாருங்கன்னு இவரைக் கெஞ்சினதும் நான்தான். இவர் நுழைஞ்சிருந்தா என் மானம் போயிருக்கும்."

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து மருமகளின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கே, இன்னொரு தடவை நுழைஞ்சு பாருடா, திருட்டுப் பயலே!"