நாற்பது குடம், ஒரு குழாய்

டொக்... டொக்... டொக்.

வாசல் பக்கமிருந்துதான் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

யாரோ கதவைத் தள்ளிப் பார்ப்பதுபோல ஒரு சத்தம். நிற்கும். மறுபடி கேட்கும்.

போன வாரம்தான் கீழ்வீட்டில் பூட்டை நெம்பி உள்ளே புகுந்திருந்தார்கள். அன்றிலிருந்து இருட்டினாலே அவளுக்குப் பயம்.

சாயங்காலம்கூட கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் போகாதீங்களேன்."

"என்ன, விளையாடுறியா? ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அது, ராத்திரியானா மெதுவாயிடுது. உயிர் விஷயம்." ஷூவுக்குள் காலைத் திணித்தபடியே சொன்னான்.

"தினமுமா மெதுவாகும்?"

"தினமும்தான். உனக்குப் புரியற மாதிரி சொல்றேன், கேளு. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள நாற்பது குட்டி கம்ப்யூட்டர் ஓடுது. வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. அதுங்களுக்குத் தனித்தனியா டிஸ்க் கிடையாது. நெட்வொர்க்ல ஒரே ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. எல்லாம் அதுல இருந்துதான் எடுக்கணும். ஒரு குழாய், நாற்பது குடம்னு வெச்சுக்கோ. ராத்திரி பதினொரு மணியானா எல்லாம் முட்டி மோதுது. டாக்டர் ஒரு ஸ்கேனைத் திறந்தா, வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. நான் போய்த்தான் ஒவ்வொண்ணா ஒழுங்கு பண்ணணும்."

"வீட்டுல இருந்தே லேப்டாப்ல பண்ண முடியாதா?"

"முடிஞ்சா பண்ண மாட்டேனா? ஆபீஸ்ல விட மாட்டேங்கிறாங்க. எங்க மேனேஜர் மனுஷனை மனுஷனாவா பார்க்கிறான்?"

அவளுக்குப் பாவமாக இருந்தது. ராத்திரி கண் சொக்காமல் இருக்க, பிளாஸ்கில் கெட்டியாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"சைரன் தூங்கிடுச்சா?" என்றான். ராத்திரியில் வீறிட்டு அழும் குழந்தைக்கு அவன் வைத்த பேர் அது. "மேல் தாழ்ப்பாளைப் போட்டுடாதே. காலையில நானே சாவி போட்டுத் திறந்துக்கிறேன். பெல் அடிச்சா சைரன் ஊதிடும்."

அதனால் கதவு வெறும் பூட்டை நம்பி நின்றது. அவள் பங்குக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தாள்.

டொக்.

கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி ஓய்ந்தது. அவசரத்துக்கென்று அவன் கொடுத்திருந்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தாள்.

"நைட் டியூட்டி, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

அதுவரை இருந்த பயமெல்லாம் அந்தக் குரலைக் கேட்டதும் கோபமாகத் திரும்பியது. கான்வென்டில் சொல்லிக் கொடுத்த 'எக்ஸ்க்யூஸ் மீ'யோடுதான் ஆரம்பித்தாள். அதற்கப்புறம் எதுவும் கான்வென்ட் மாதிரி இல்லை.

"உங்க ஆபீஸ்ல யாருக்குமே பிள்ளைகுட்டி கிடையாதா? கைக்குழந்தைக்காரரை தினம் ராத்திரி கூப்பிட்டு உயிரை வாங்குறீங்களே! இங்க நான் தனியா செத்துப் பிழைக்கிறேன். ஸ்டோரேஜ் பெட்டியாம் ஸ்டோரேஜ் பெட்டி!"

எதிர்முனை மூச்சு விட்டது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு மேடம். நீங்க... ஸ்டோரேஜ் சாரோட வீட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

"சாரை இங்க யாரும் கூப்பிடுறதில்லையே. வீட்டுல இருந்தே பாருங்கன்னுதான் மேனேஜர் சொன்னார். வீட்டுல நெட் சரியில்லைன்னு சார்தான் வர்றார்."

மேஜைமேல் நெட் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"தினம் மெதுவாகுதே... அது பொய்யா?"

"அது நிஜம்தான் மேடம். டாக்டருங்க என்னைத்தான் காய்ச்சி எடுக்கிறாங்க. நாற்பது மெஷினும் அதோட பேக்கப் நகலை ஒரே நேரத்துல, பதினொரு மணிக்கு எடுக்க ஆரம்பிச்சா, மெதுவாகாம என்ன பண்ணும்? ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு போற மாதிரி நேரத்தைத் தள்ளி வெச்சா போதும். ரெண்டு நிமிஷ வேலை. நானே பண்றேன்னு கேட்டுப் பார்த்துட்டேன். தொடவே கூடாதுங்கிறார் சார்."

"முதல்ல இருந்தே இப்படித்தானா?"

"இல்லையே. முன்னாடி தள்ளித் தள்ளித்தான் இருந்தது, ஒரு தொல்லையும் கிடையாது. உங்களுக்குக் குழந்தை பிறந்து, சார் லீவு முடிஞ்சு வந்தார் பாருங்க, அந்த வாரம் அவர்தான் எல்லாத்தையும் பதினொண்ணுக்கு மாத்தினார்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இப்ப... இப்ப அவர் என்ன பண்றார்?"



"பின்னாடி ரூம்ல தூங்குறார் மேடம். எப்பவும் விடிஞ்சாத்தான் எழுந்திருப்பார். ஏதாவது அவசரமா? எழுப்பட்டுமா?"

டொக்... டொக்.

"வேண்டாம்" என்றாள். "தூங்கட்டும்."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தாள். விளக்கெரியும் படிக்கட்டு. யாருமில்லை. தாழ்ப்பாள் போடாத கதவுதான், பூட்டு இருந்தும், மேல் பக்கம் காற்றுக்கு ஆடி ஆடி நிலையில் இடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை ராத்திரியும் இதற்குத்தானா நடுங்கினோம் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

நாற்காலியை நகர்த்தினாள். காலையில் வந்து அவன் பெல் அடிக்கட்டும். சைரன் ஊதினால் ஊதட்டும்.

எக்கி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள்.