நாற்காலி வந்த நாள்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் அந்த ஜவுளிக்கடை வாசலில் டெம்போ வந்து நின்றது. ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போனது. பார்த்ததுமே அம்சவள்ளிக்குத் தன் வேலை போகப்போகிறது என்று பட்டது.

பத்தொன்பது வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்பவள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போச்சு.

கடையில் வேலை செய்பவர்கள் எட்டுப் பேர். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

முதலாளி காஜா மைதீன் வழக்கம்போலக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நானே நிக்கிறேன், உங்களுக்கு இன்னா?" என்பதுதான் முப்பது வருஷமாக அவர் பேச்சு.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த மகன் அன்சர் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தான். பில்லுக்குக் கம்ப்யூட்டர், வருகைக்குக் கைரேகை. இப்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான்.

"எல்லாரும் உக்காருங்க."

யாரும் அசையவில்லை. பேன்ட் பிரிவு பகலவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அன்சர் அம்சவள்ளி பக்கம் திரும்பினான். "இன்னாக்கா, இதுக்குப் போய் நடுங்கிக்கினு நிக்கிறீங்க? மனசுல இருக்கறத சொல்லுங்க."

அம்சவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பெரிய பாய் யாரையாவது நிறுத்தணும்னா திட்ட மாட்டாருங்க. குடோன்ல ஒத்த நாற்காலி இருக்குது. உக்காருன்னுவாரு, டீ வாங்கித் தருவாரு. குடிச்சி முடிச்சா மறுநாள்லேர்ந்து வர வேணாம். விஜயலட்சுமி அக்கா அப்படித்தாங்க போச்சு."

அன்சர் குறுக்கே பேசாமல் கேட்டான். திரும்பி அப்பாவை ஒருமுறை பார்த்தான்.

"அவ்ளோதானா? உங்க யாரையும் நிறுத்தலக்கா. கடையில வேல செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே வந்துடுச்சி. ஆளு இல்லாத நேரம் உக்காருங்க."

எட்டுப் பேரும் பயந்து பயந்து உட்கார்ந்தார்கள். அம்சவள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல பிள்ளை, நம் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்சர் மிச்சமிருந்த நாற்காலியைத் தூக்கிப் போய்க் கல்லாவுக்கு வெளியே போட்டான். காஜா மைதீனின் தோளைத் தொட்டு மெதுவாக இந்தப் பக்கம் அழைத்து வந்தான்.

"உக்காருங்க அத்தா. டீ சொல்லியிருக்கேன்."