ஒரு பெட்டிகூடப் போகவில்லை

கடைவீதியில் அவனுக்கு மச்சினன் என்றே பெயர். நகைக்கடைக்காரரின் மனைவிக்குத் தம்பி. எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாதவனை என்ன செய்வது என்று யோசித்த அத்தான், நகைக்கடையின் ஒரு ஓரத்தைத் தடுத்து, ஒலிபெருக்கி விற்கும் கடையாக்கி, அவனை அதில் உட்கார வைத்துவிட்டார். இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

போன மாதம் ஒரு மானக்கேடு நடந்தது. சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை, "வெளியில கொஞ்சம் இழுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர். இழுத்தார். தெருமுனை வரை இழுத்தார். சக்கரம் எவ்வளவு நைசாக ஓடுகிறது என்று மச்சினன் வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருக்கும்போதே, ஆளும் பெட்டியும் முனை திரும்பிக் காணாமல் போய்விட்டார்கள்.

"இன்னொரு பெட்டி போச்சுன்னா, அதோட சேர்ந்து நீயும் கிளம்பிடு மாப்ளே. உங்க அக்கா அழுதாலும் சரி" என்று சொல்லிவிட்டார் அத்தான்.

இன்று மதியம் அவர் நகைக்கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போன பத்தாவது நிமிடம், ஒலிபெருக்கிக் கடைக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். ஒரு தாடிக்காரர், கிட்டாரை முதுகில் மாட்டிய ஒரு வாலிபன், கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"சின்னக் குழுதாங்க. மொத்தம் நாலு பேர். டிரம்மருக்கு வேற வேலை, வரல" என்றார் தாடிக்காரர். "கல்யாணம், பிறந்தநாள்னு சின்னச் சின்ன இடத்துல வாசிக்கிறோம். கையோட தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு செட் வேணும்."

தூக்கிக்கொண்டு போவதா! மச்சினன் வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டான். சூடு கண்ட பூனை அல்லவா?

அவர்கள் கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. கார் டிக்கியில் அடங்குமா? சக்கரம் படியில் ஏறுமா? கரண்டு இல்லாமல் எத்தனை மணி நேரம் பாடும்? கிட்டார் வாலிபன் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி எடை பார்த்தான். ஒருத்தர் பேச்சுக் கொடுக்க, ஒருத்தர் மறைக்க, மூன்றாவது ஆள் கம்பி நீட்டுவான் என்று மச்சினன் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டான்.

"முழு சத்தத்துல போட்டுக் காட்டுங்களேன். கதவைச் சாத்திக்கலாம், தெருவுல போறவங்க திட்டப் போறாங்க" என்றாள் அந்தப் பெண்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கதவைச் சாத்தியதோடு நில்லாமல் உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் மச்சினன். இனி பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதென்றால் அவனையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

முதலில் பெரிய பெட்டி. வாலிபன் கிட்டாரைச் சொருகி வாசிக்க, தாடிக்காரர் மைக்கில் பாடினார். தரை திம் திம் என்று அதிர்ந்தது.

"பேஸ் பாத்தீங்களா? நெஞ்சுல குத்துது!" என்று கத்தினான் மச்சினன். கண்கள் மட்டும் அவர்களுடைய ஆறு கைகளை விட்டு அகலவில்லை.

அடுத்து தூண்போல ஒல்லியாக நிற்கும் செட். அதிலும் அதே திம் திம். கடைசியாகப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு குட்டிப் பெட்டி. அதில் இவ்வளவு பேஸ் வரும் என்பது மச்சினனுக்கே புதுச் செய்தி. அதற்காக விற்கிறவன் ஆச்சரியப்படலாமா?

"மூர்த்தி சின்னதானாலும் கீர்த்தி பெருசுங்க!"

நடுவில் கிட்டார் கம்பி ஒன்று அறுந்து பாட்டு சட்டென்று நின்றது. அதற்குப் பிறகும் சுவர் இரண்டு தடவை திம் திம் என்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறை கண்டுபிடித்துவிட்டார்களோ என்று மச்சினன் முந்திக்கொண்டான்.

"அது எதிரொலிங்க. தரமான பெட்டின்னா சத்தம் சட்டுனு அடங்காது."

"அப்படியா!" என்றார் தாடிக்காரர். "அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டுங்க."

மச்சினன் திருகியைக் கடைசி வரை திருப்பினான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெண்ணின் போனில் ஏதோ செய்தி வந்தது. படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"குட்டிப் பெட்டி பிடிச்சிருக்கு. டிரம்மரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறோம்" என்றார் தாடிக்காரர்.

தன்னிடம் பருப்பு வேகவில்லை என்று நழுவுகிறார்கள்! கிட்டார் உறையைக்கூட "நல்லா இருக்கே" என்று தடவிப் பார்த்த பிறகுதான் மச்சினன் கதவைத் திறந்துவிட்டான். பெட்டிகளை இரண்டு முறை எண்ணினான். எல்லாம் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

அத்தான் திரும்பி வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னான். "மூணு திருடங்க வந்தாங்க அத்தான். விட்டேனா நான்? ஒரு பெட்டிகூடப் போகல!"

"பரவாயில்லையே மாப்ளே!" அத்தான் அவன் முதுகில் தட்டினார். தட்டிவிட்டு நகைக்கடையின் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

அலறல் கேட்டு மச்சினன் ஓடினான். கண்ணாடி அலமாரிகளில் ஒரு மோதிரம்கூட மிச்சமில்லை. சந்துப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆள் தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் ஒரு சம்மட்டி கிடந்தது.

"இவ்வளவு பெரிய சுவத்தை இடிச்சிருக்கான். ஒத்தச் செங்கலுக்கு அந்தப் பக்கம் இருந்த உனக்கு ஒரு சத்தம்கூடவா கேக்கல?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அத்தான்.

வேறு வேலை இருந்த அந்த டிரம்மர் இங்கே வாசித்துக்கொண்டிருந்ததைத்தான், மச்சினன் ஒரு மணி நேரமாகத் தன் பெட்டிகளின் பேஸ் என்று புகழ்ந்துகொண்டிருந்தான்.