அசையாத ஒரு சாண்

வெள்ளத்தின் குறுக்கே கட்டியிருந்த கயிறு இரு பக்கமும் துள்ளியது. நடுவில் ஒரு சாண் மட்டும் அசையவில்லை. குழந்தையைச் சேலையால் முதுகில் கட்டியிருந்த வேலம்மை அந்த இடத்தைப் பற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் தத்தளித்தாள். அவளுக்குப் பின்னால், கயிறு பேயாட்டம் ஆடும் இடத்தில், அவள் கணவன் தங்கப்பாண்டி பிடித்திருந்தான்.

“ஏங்க, நீங்களும் இங்க வந்துருங்க. இங்க ஆடவே இல்ல.”

“நான் இங்க பிடிச்சிருக்கதாலதான் அங்க ஆடல. நீ நகராத. திரும்பிப் பாக்காத.”

அவள் திரும்பவில்லை. “இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

குழந்தை அழுது ஓய்ந்தது. “இருக்கீங்களா?”

“ம்ம்.”

எதிர்க்கரையில் ஆட்கள் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். “வந்துட்டாங்க! இன்னும் கொஞ்ச நேரந்தாங்க!” என்று கத்தினாள்.

பதில் வரவில்லை. தண்ணீரின் இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி கேட்க வாயைத் திறந்தபோது, அவள் கைக்குள் கயிறு ஆடத் தொடங்கியது.