ஓரத்தில் சிரித்தவர்

கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் ரெஜினாளின் ஓரப் பார்வையைத் தின்றுவிட்டிருந்தது. தெரியாத இடங்களை டாக்டர் பொருத்திய புது மின்னணு லென்ஸ், தான் முன்பு பதிந்துவைத்த பழைய காட்சிகளால் நிரப்பியது. சாப்பிடும்போது பக்கத்தில் கணவர் தொம்மை எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் விசும்பல் கேட்டுத் திரும்பினாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“என்னங்க, எத்தனை நாளா இப்படி?”

“அண்ணன் செத்ததுலேருந்து தினமும்தான். நீ பாத்தும் பேசாம இருக்கேன்னு நெனச்சேன்.”

மறுநாள் லென்ஸைக் கழற்றி டாக்டரின் மேசையில் வைத்தாள்.

“இது இல்லன்னா ஓரத்துல ஒண்ணுமே தெரியாதும்மா.”

“தெரியாதது தெரியாமலே இருக்கட்டும் டாக்டர். சொட்டு மருந்தை விடாம போட்டுக்கிடுதேன். மத்ததுக்குக் கழுத்து இருக்கு, திருப்பிப் பாத்துக்கிடுதேன்.”

வெளியே வருகையில் கதவு நிலையில் தோள் இடித்தது. தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து நடந்தாள்.