காட்டுக் காடை

ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு துப்பாக்கி இருந்ததாம். சொந்தக்காரர் மாமனார், அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் மருமகன்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். ஏர்கன்தான். குழலை மடக்கி, மிளகளவு ஈயக் குண்டைப் போட்டு, நிமிர்த்திச் சுடுகிற சமாச்சாரம்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. "காட்டுக் காடை சூப்பு குடிச்சா நரம்பு முறுக்கேறும். பண்ணைக் காடை ஆகாது. அது என்னைவிடச் சோம்பேறி" என்று படுத்தபடியே அடம்பிடித்தார்.

படங்களுக்குச் சட்டம் அடிக்கிற மருமகன், ஞாயிறுதோறும் ஏர்கனோடு ஏரிக்கரைப் புதர்ப் பக்கம் போனான். சூப்பு வந்தது. கிடந்தவர் உட்கார்ந்தார், நின்றார், இப்போது கைத்தடியோடு நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஞாயிறு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வரேன் மாப்ளே."

மருமகன் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றான்.

"எதுக்கு மாமா? வழியெல்லாம் முள்ளும் மேடும்..."

"கூட்டிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அப்பா, இவரு நிஜமாவே சுடறாரான்னு உங்க கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லுங்க. கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறி நிக்கிற ஆளு!"

வேறு வழியில்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

இத்தனை வாரமாக நடந்தது இதுதான். முதல் ஞாயிறு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விசையை அழுத்தினான். துப்பாக்கிக்குள்ளே 'கடக்' என்று ஏதோ ஒடிந்தது. காடை பறந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. நேராக ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த பண்ணைக்குப் போய், தோல் உரித்த காடைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். அன்றிலிருந்து ஏர்கன் அவன் தோளில் சும்மா தொங்கியதோடு சரி.

இப்போது மாமனாருக்கு அது தெரிந்தால்? காட்டுக் காடையை நம்பி எழுந்து நின்ற கால் ஆயிற்றே. நம்பிக்கை போனால் காலும் போய்விடாதா?

புதரை நெருங்கியதும் மாமனார் சட்டென்று நின்றார். கைத்தடியை மெல்ல நீட்டிக் காட்டினார். கல்லெறி தூரத்தில் ஒரு காடை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"சுடுங்க" என்று கிசுகிசுத்தார்.

"எதிர்க்காத்தா இருக்கு மாமா."

"ஒரு இலைகூட அசையலையே."

"குறி பார்க்கிற முள்ளு கொஞ்சம் சாஞ்சிருக்கு..."

மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். அவன் எதையோ திருகினான். காடை நகர்கிற மாதிரி தெரியவில்லை. போய்த் தொலையேன் என்று மனசுக்குள் அதைக் கெஞ்சினான்.

"வாஷர் காஞ்சு போயிருக்கும் மாமா. காத்து நிக்காது."

அதே பையிலிருந்து எண்ணெய்ப் புட்டி வந்தது.

"ஐயோ! குண்டை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்!"

மாமனார் மறுபடி பைக்குள் கையை விட்டார். குண்டு டப்பாவை எடுத்துக் கலகலவென்று குலுக்கிக் காட்டினார்.

அந்தச் சத்தத்தில் காடை விர்ரென்று பறந்துபோனது.

"அடடா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "போனாப் போகுது. அதை இப்படிக் கொடுங்க."

மறுக்க முடியுமா? கொடுத்தான். அவர் குழலை மடக்கினார். பலம் கொடுத்து இழுத்தால்தான் மடங்க வேண்டிய குழல், தூங்குகிற குழந்தையின் கை மாதிரி தொய்ந்து விழுந்தது.

"ஸ்பிரிங் ஒடிஞ்சிருக்கு."

"இப்பத்தான் மாமா... இப்ப எண்ணெய் விடும்போது..."

அவர் குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு மாப்ளே."



"மாமா... ஒரு உயிரைச் சுட என்னால முடியல. எல்லாமே பண்ணையில வாங்கினதுதான். என்னை என்ன வேணா திட்டுங்க. ஆனா மறுபடி போய்ப் படுத்துடாதீங்க."

"முதல் வாரமே தெரியும்."

"என்னது?"

"சுட்டுத் தின்னே வளர்ந்தவன் நான். ஏர்கன்ல விழுந்த காடைன்னா என்னைக்காவது ஒரு நாள் பல்லுல ஈயம் நறுக்குன்னு கடிபடணும். உங்க சூப்புக் கறி வெண்ணெய் மாதிரில்ல வழுக்கிட்டுப் போச்சு!"



"அப்புறம் எப்படி மாமா எழுந்து நடந்தீங்க?"

"எனக்காக ஒரு பொய்யைத் தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு நீங்க வாராவாரம் இவ்வளவு தூரம் வெயில்ல நடக்கறீங்க. நான் கட்டில்லேருந்து வாசல் வரைக்கும் நடக்க மாட்டேனா?"

ஏர்கனை அவன் தோளிலேயே திரும்ப மாட்டிவிட்டார். டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு குண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

"சீக்கிரம் பண்ணைக்குப் போயிட்டு வாங்க. இதைக் காடையோட நெஞ்சுப் பக்கமா அழுத்தி வைங்க. ரொம்ப ஆழமா வேண்டாம், கழுவும்போது என் பொண்ணு கையில தட்டுப்படணும். நான் முன்னாடி போய், மாப்பிள்ளை எப்படிக் குறி தவறாம சுட்டாருன்னு அவகிட்ட சொல்லி வைக்கிறேன்."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.