கிளறக் கூடாத குழம்பு

ரோஸ்விதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிஷெல்ஸ்டைனர் குழம்பைப் போய்க் கிளறுவாங்களா? கறியும் காய்கறியும் அடுக்கடுக்கா, அப்படியே வேகணும். இந்த அடுப்புல இருபது வருஷம் சமைச்சவ நான்!"

கரண்டியும் கையுமாக நின்ற ஆன்னெலி கிளறுவதை நிறுத்தினாள்.

ரோஸ்விதா கொர்பினியன் பக்கம் திரும்பினாள். "என் சமையலறையில கண்டவளும் கரண்டி பிடிக்கிறா. நீ மரம் மாதிரி நிக்கிறியே!"

"நமக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு, ரோஸ்விதா. விட்டுட்டுப் போன கம்பளிக் கோட்டை எடுக்கத்தான் இன்னிக்கு வந்தே. இப்ப இது ஆன்னெலியோட சமையலறை" என்றான் அவன். "அப்புறம்... எனக்குக் கிளறினாத்தான் பிடிக்கும்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டியா?"

கோட்டைப் பிடுங்கிக்கொண்டு விரைந்தவளிடம், "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்றாள் ஆன்னெலி.

தான் பரிமாறிய மேஜைக்கே விருந்தாளியா! கதவை அறைந்து சாத்தினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.